பழைய டிடிபி கணினியைக் காயலான் கடைக்குப் போடும் முன்

அச்சக உரிமையாளர்கள், டிடிபி மையம் நடத்துவோர், சிறு பதிப்பகத்தார், சிற்றிதழ் நடத்தியவர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

1990-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 2010 வரை தமிழில் அச்சேறிய புத்தகங்களில் மிகப் பல பேஜ்மேக்கரில் பக்கம் கட்டப்பட்டவை. நாவல், கவிதைத் தொகுப்பு, ஆய்வேடு, தலவரலாறு, சிற்றிதழ், மணிவிழா மலர் என எல்லாமே அந்த வழியாகத்தான் வெளிவந்தன. அவற்றின் மூலக் கோப்புகளில் ஒரு பகுதி இன்னும் அழியாமல் இருக்கிறது. பிளாப்பியாகவும் சிடியாகவும் கழற்றிப் போட்ட ஹார்டு டிஸ்க்காகவும் அச்சகப் பரண்களிலும் மேசை இழுப்பறைகளிலும் அது கிடக்கிறது. ஆனால் கோப்பு கையில் இருக்கிறது என்பதற்காகப் புத்தகமே கையில் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கோப்பு சரியாகத் திறக்க, அதை உருவாக்கிய பேஜ்மேக்கர் பதிப்பு, அதில் பயன்பட்ட எழுத்துரு, தமிழ்த் தட்டச்சு மென்பொருள், அந்த மென்பொருளுக்குரிய லாக், லாக்கைச் செருகுவதற்கான போர்ட் ஆகிய அனைத்தும் ஒரே கணினியில் கூட வேண்டும். அவையெல்லாம் இன்று கூடியிருக்கும் ஒரே இடம், மூலையில் தூசி படிந்து நிற்கும் அந்தப் பழைய சிபியுதான்.

சிக்கலின் வேர் எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது. யுனிகோடு தரத்தில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸில் தமிழ் யுனிகோடு வந்தது விண்டோஸ் 2000-இல்தான். பேஜ்மேக்கரோ கடைசிவரை அதை ஏற்கவே இல்லை. அதனால் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அடுக்கியது. இலங்கையில் பாமினி எழுத்துரு பரவியது. மின்னஞ்சலில் கூடிய ஆர்வலர்கள் டிஸ்கி என்ற குறியீட்டை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு குறியீடுகளை அறிவித்தது. இவற்றோடு வணிக எழுத்துருக்களின் தனிக் குறியீடுகளும் ஓடிக்கொண்டிருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் திரையில் தெரியும். உள்ளே இருப்பது எந்தக் குறியீடு என்று கோப்பு சொல்லாது. எழுத்துருவின் பெயரை மட்டும் அது வைத்திருக்கும். ஒரே பெயரில் வந்த இரு பதிப்புகளின் அடுக்கு வேறுபட்டிருந்தால், சில எழுத்துகள் மட்டும் மாறி நிற்கும். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கும் அது எளிதில் அகப்படாது.

எழுத்துருவின் வகையும் முக்கியம். ட்ரூடைப் எழுத்துருவாக இருந்தால், பழைய கணினியிலிருந்து நகலெடுத்து இன்றைய விண்டோஸில் நிறுவிவிடலாம். பெரும்பாலும் அது வேலை செய்யும். போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 வகையானால் கதை வேறு. அது எழுத்து வடிவத்துக்கு ஒன்று, அளவுகளுக்கு ஒன்று என இரண்டு கோப்புகளாக இருக்கும். விண்டோஸ் 98-இல் அது தெரிய அடோபி டைப் மேனேஜர் தேவை. டைப் 1 எழுத்துருக்களுக்குத் தந்துவந்த ஆதரவை 2023 சனவரியோடு அடோபி தன் மென்பொருள்களில் நிறுத்திவிட்டது. ஆகவே அந்த வகை எழுத்துருவில் அமைந்த புத்தகத்தை அச்சிட்ட வடிவிலேயே மீண்டும் பார்க்க, பழைய மென்பொருளும் அது ஓடும் பழைய இயங்குதளமும் தேவை.

அடுத்தது லாக். டாங்கிள் என்றும் சிலர் சொல்வார்கள். கணினிக்குப் பின்னால், பிரின்டர் கேபிள் செருகும் 25 ஊசி பேரலல் போர்ட்டில் இது உட்காரும். பிரின்டர் கேபிள் இதன் மேல் செருகப்படும். மென்பொருள் அவ்வப்போது போர்ட்டுக்கு ஒரு குறிப்பை அனுப்பும். லாக் உரிய பதிலைத் தந்தால்தான் மேலே ஓடும். பதில் வராவிட்டால் தமிழ் தட்டச்சாகாது, அல்லது மென்பொருளே திறக்காது. இன்றைய கணினிகளில் அந்தப் போர்ட் இல்லை. கடையில் கிடைக்கும் யுஎஸ்பி பேரலல் கேபிளை வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கேபிள் தன்னை ஒரு பிரின்டர் இணைப்பாக மட்டுமே கணினியிடம் காட்டிக்கொள்கிறது. லாக்கைத் தேடும் பழைய மென்பொருளோ, மதர்போர்டில் பேரலல் போர்ட் வழக்கமாக இருக்கும் முகவரியில் நேரடியாகத் தட்டிப் பார்க்கும். அங்கே யாரும் இல்லை. போர்ட் உள்ள விரிவாக்க அட்டையைச் செருகினாலும் அதன் முகவரி வேறாக இருக்கக்கூடும். சில லாக்குகள் அதில் ஓடும், சில ஓடாது. போர்ட் கிடைத்தாலும் டிரைவர் தடுக்கும். லாக்கோடு வந்தது 32 பிட் டிரைவர்; 64 பிட் விண்டோஸ் அதை ஏற்பதில்லை. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் அறவே ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது.

இதைவிடப் பழைய அடுக்கு ஒன்றும் உண்டு. ஐஐடி கான்பூரில் உருவாகி, 1988-இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், டாஸ் கணினியில் இந்திய மொழிகளைக் காட்ட ஓர் அட்டையைத் தந்தது. மதர்போர்டின் ஐஎஸ்ஏ இடுக்கில் அது செருகப்படும். எழுத்துகளை வரைந்து காட்டும் வேலையை அந்த அட்டையே செய்தது. அலுவலகப் பட்டியல்கள், பெயர்த் தொகுப்புகள் போன்றவை அப்படி உருவாகியிருந்தால், அவற்றை அன்று திரையில் தெரிந்தபடியே பார்க்க அட்டை வேண்டும், ஐஎஸ்ஏ இடுக்குள்ள போர்டும் வேண்டும். பென்டியம் 3 காலத்துக்குப் பின் வந்த போர்டுகளில் ஐஎஸ்ஏ இடுக்கு அரிது. அத்தகைய அட்டை எங்காவது கண்ணில் பட்டால், அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே எடுத்து வைக்கத் தக்க பொருள்.

பழைய கணினியை மென்பொருளாலேயே போலச்செய்யும் வழி இருக்கும்போது இரும்பை ஏன் காக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. 86பாக்ஸ், விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவற்றில் விண்டோஸ் 98-ஐயும் எக்ஸ்பியையும் நிறுவ முடியும். லாக் தேவைப்படாத மென்பொருளும் நகலெடுத்த எழுத்துருக்களும் இருந்தால் இது நல்ல வழி. யுஎஸ்பி லாக்காக இருந்தாலும் பல நேரம் வேலை நடக்கும். பேரலல் போர்ட் லாக்கும் அட்டைகளும் வரும் இடத்தில்தான் இது தடுக்கி நிற்கிறது. போலச்செய்யும் கணினியை அமைக்கவும் முதலில் நிறுவல் சிடி, எழுத்துருக் கோப்புகள், பழைய ஹார்டு டிஸ்க்கின் முழு நகல் ஆகியவை வேண்டும். அவற்றுள் சிலவற்றை எடுக்கவே உண்மையான கணினி தேவைப்படலாம். ஆக, போலக்கணினி வருங்காலத்துக்கு உரியது. அதுவரை கடந்து போக உண்மைக் கணினி வேண்டும்.

எல்லாப் பழைய கணினிகளையும் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அச்சகத்தில் நான்கைந்து சிபியுக்கள் அடுக்கப்பட்டிருந்தால், 1999-க்கும் 2004-க்கும் இடையில் வாங்கிய பென்டியம் 3 அல்லது தொடக்கக்கால பென்டியம் 4 கணினியைத் தேர்ந்தெடுப்பது சிறந்தது. பழையதற்கும் புதியதற்கும் நடுவே நிற்கும் தலைமுறை அது. பிளாப்பி டிரைவ், ஐடிஇ ஹார்டு டிஸ்க், பேரலல் போர்ட், சீரியல் போர்ட் என்ற பழைய வாயில்கள் அனைத்தும் அதில் உண்டு. கூடவே யுஎஸ்பியும் நெட்வொர்க் இணைப்பும் இருக்கும். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பையும் எக்ஸ்பியையும் ஒரே கணினியில் இரு பகுதிகளாக நிறுவ முடியும். இப்படி நிறுவும்போது ரேமை 512 எம்பிக்குள் வைப்பது நல்லது. அதற்கு மேல் போனால் விண்டோஸ் 98 தடுமாறும். பிளாப்பியில் வந்த 1994-ஆம் ஆண்டுக் கோப்பை உள்வாங்கி, திறந்து, பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் வெளியே தருவது வரை முழு வேலையையும் அந்த ஒரு பெட்டி செய்துவிடும். மற்ற கணினிகளில் உள்ள ஹார்டு டிஸ்க்குகள், ரேம், டிரைவ்களை உதிரியாகக் கழற்றி வைத்தால் போதும்.

நீண்ட நாள் கிடந்த கணினியை எடுத்தவுடன் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அது ஆபத்தானது. முதலில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். 386, 486 போர்டுகளில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கசிந்தால் வெளிவரும் காரநீர் செம்புத் தடங்களை அரித்துவிடும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுத்து, அந்த இடத்தை வினிகர் தொட்ட துணியால் துடைத்து, பின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்ய வேண்டும். பிற்காலப் போர்டுகளில் உள்ள 3 வோல்ட் வட்ட பேட்டரி அவ்வளவு கெடுதல் செய்யாது. புதிதாக மாற்றினால் போதும். பழைய போர்டில் பேட்டரி தீர்ந்தால் ஹார்டு டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களும் நினைவிலிருந்து போய்விடும், டிஸ்க் இருப்பதையே கணினி அறியாது. டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளில் அந்த எண்கள் பெரும்பாலும் இருக்கும். அவற்றைக் குறித்து சிபியுவின் உட்புறத்திலேயே ஒட்டி வைக்கலாம்.

2000-களின் முற்பகுதியில் வந்த போர்டுகளுக்கு வேறொரு நோய். அந்த ஆண்டுகளில் தயாரான மின்தேக்கிகளில் ஏராளமானவை கெட்ட மின்பகுபொருளால் நிரப்பப்பட்டிருந்தன. மேல்தகடு உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அந்த போர்டை ஓட்டக் கூடாது. அதே மைக்ரோஃபேரட் அளவும், அதே வோல்ட்டோ சற்றுக் கூடுதலோ உள்ள புதிய மின்தேக்கிகளை மாற்றிவிட்டால் போர்டு மறுபடி பல ஆண்டுகள் உழைக்கும். சென்னை ரிச்சி தெருவிலோ, எந்த ஊரிலும் போர்டு சர்வீஸ் தெரிந்த மெக்கானிக்கிடமோ செய்துகொள்ளக்கூடிய வேலைதான் இது. எஸ்எம்பிஎஸ்ஸையும் தனியே சோதித்த பிறகே போர்டில் மாட்ட வேண்டும்.

இவ்வளவும் சரியான பிறகும் ஹார்டு டிஸ்க்கை அந்தக் கணினியிலேயே வைத்து ஓட்டக் கூடாது. அதைக் கழற்றி, ஐடிஇ யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, முழு டிஸ்க்கையும் ஒரே படிமமாக நகலெடுப்பதே முதல் வேலை. கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் எழுத்துருக்களும், பதிவுக் கோப்புகளும், லாக் டிரைவரும் விட்டுப்போகும். சில பகுதிகள் கெட்டுப்போன டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் உதவும். நல்ல பகுதிகளை முதலில் வாங்கிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். 500 எம்பிக்கும் குறைந்த மிகப் பழைய டிஸ்க்குகளில் பலவற்றை யுஎஸ்பி அடாப்டர் அறியாது. அவற்றை மட்டும் பழைய கணினியிலேயே மாட்டி நெட்வொர்க் வழியாக வெளியேற்ற வேண்டியிருக்கும். நகல் கைக்கு வந்ததும் அதை ஒரு காம்பாக்ட் பிளாஷ் அட்டையில் எழுதி, ஐடிஇ அடாப்டர் வழியாகப் பழைய கணினியில் மாட்டிவிடலாம். சுழலும் பாகம் இல்லாததால் அது நீடித்து உழைக்கும். அசல் டிஸ்க்குக்கு ஓய்வு கிடைக்கும்.

பிளாப்பியில் அவசரம் அதிகம். 1.44 எம்பி கொள்ளும் 3.5 அங்குல பிளாப்பி, கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் எளிதில் பூஞ்சை பிடிக்கும். உலோக மூடியைத் தள்ளிப் பார்க்கும்போது தட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதை டிரைவில் போடக் கூடாது. பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல பிளாப்பிகளையும் கீறிவிடும். சுத்தம் செய்து, ஒரே ஒரு முறை படித்து, முழுப் படிமமாக எடுத்துக்கொண்டு, அதன் பின் எல்லா வேலையையும் படிமத்திலேயே செய்வதுதான் முறை. சாதாரண டிரைவ் படிக்க மறுக்கும் பிளாப்பிகளுக்கு கிரீஸ்வீசல் என்ற சிறு சர்க்யூட் போர்டு இருக்கிறது. காந்த மாற்றங்களை அப்படியே பதிந்து எடுத்துத் தரும். 5.25 அங்குல பிளாப்பிகளுக்கும் அது பயன்படும். கடையில் விற்கும் யுஎஸ்பி பிளாப்பி டிரைவ்கள் 3.5 அங்குலத்துக்கு மட்டுமே உரியவை. ஐயோமெகா ஜிப் டிஸ்க்கில் மலர்களைச் சேமித்த மையங்களும் உண்டு. ஜிப் டிரைவ் 'டக் டக்' என்று தொடர்ந்து தட்டினால் உடனே நிறுத்திவிட்டு, அதில் வேறு டிஸ்க் எதையும் போடாமல் இருப்பது அவசியம். கெட்ட டிரைவ் நல்ல டிஸ்க்கைக் கெடுக்கும். அந்த டிஸ்க் அடுத்த டிரைவையும் கெடுக்கும்.

கோப்பைத் திறந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் அச்சகத்தாரின் அனுபவம் முழுமையாகப் பயன்படும். பேஜ்மேக்கர் படங்களைப் பெரும்பாலும் தனக்குள் வைத்துக்கொள்ளாது, இணைப்பாகவே வைத்திருக்கும். ஆகவே கோப்புறை முழுவதும் ஒன்றாக நகர வேண்டும். 'சேவ் ஆஸ்' பெட்டியிலேயே இணைத்த கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்கும் வசதி உண்டு. பிரின்டர் டிரைவர் மாறினாலும் வரி முறிந்து பக்கம் நகரக்கூடும் என்பதால், அன்று பயன்பட்ட அதே டிரைவரோடு திறப்பது பாதுகாப்பானது. அங்கிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் எடுத்து, அக்ரோபாட் டிஸ்டில்லரில் எழுத்துருக்களை உட்பொதித்துப் பிடிஎஃப் ஆக்கினால், பக்கம் அச்சில் இருந்தபடியே நிலைத்துவிடும். அந்தப் பிடிஎஃப் எந்தக் கணினியிலும் திறக்கும், மறுபதிப்புக்கும் போகும்.

ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. உள்ளே இருப்பது இன்னும் பழைய குறியீடுதான். உரையைத் தனியே எடுத்து யுனிகோடுக்கு மாற்றுவது அடுத்த வேலை. பழைய குறியீடுகள் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைப்பவை: 'கொ' என்பதில் ஒற்றைக் கொம்பு முதலில், பிறகு ககரம், பிறகு கால். யுனிகோடில் ககரம் முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். மாற்றி மென்பொருள் இந்த வரிசையைத் திருப்ப வேண்டும். 'கௌ' எது, 'கெ' என்பதை அடுத்து 'ள' வந்த 'கெள' எது என்று அதற்குத் தெரியாது. அன்று இரண்டுக்கும் ஒரே விசைகளைத் தட்டியவர்கள் பலர். 'கௌரவம்' 'கெளரவம்' ஆவது இப்படித்தான். மெய்ப்புப் பார்க்கத் தெரிந்த ஒருவர் உரையை முழுவதும் படித்தே தீர வேண்டும். மாற்றம் நடக்கக்கூடியது என்பதற்கு, தமிழ் நூல்களை இணையத்தில் வெளியிடும் மதுரைத் திட்டம் சான்று. 1998 பொங்கலன்று தொடங்கிய அத்திட்டம், டிஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யுனிகோடுக்குக் கொண்டுவந்தது.

அச்சுப் புத்தகமே இருக்கும்போது அதை ஸ்கேன் செய்தால் போதாதா என்று பதிப்பகத்தார் கேட்பதுண்டு. அச்சுப் பிரதி மட்டும்தான் மிஞ்சியது என்றால் வேறு வழியில்லை. கோப்பு இருக்கும்போது ஸ்கேனை நாடுவது வீண். ஸ்கேன் தருவது படம். அதிலிருந்து எழுத்தை எடுக்க எழுத்துணரி வேண்டும், அது செய்யும் பிழைகளைத் திருத்த ஆள் வேண்டும். கோப்பிலோ எழுத்தாளரும் மெய்ப்பாளரும் பல சுற்று பார்த்துத் திருத்திய உரை அப்படியே இருக்கிறது. அந்த எழுத்தாளர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் கைபட்ட கடைசித் திருத்தத்தை ஒரு லாக் காணாமற்போனதற்காக இழப்பது பெரிய இழப்பு.

படிக்கும் கருவியைக் காத்ததால் மீண்ட செல்வத்துக்கு நாசாவின் லூனார் ஆர்பிட்டர் படங்கள் சரியான எடுத்துக்காட்டு. 1966, 1967 ஆண்டுகளில் நிலவைச் சுற்றிய ஐந்து விண்கலங்கள் அனுப்பிய படங்கள் காந்த நாடாக்களில் இருந்தன. அவற்றைப் படிக்க ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற பெரிய நாடாக் கருவிகள் வேண்டும். நான்சி எவன்ஸ் என்ற ஆவணக் காப்பாளர் நாடாக்கள் அழிக்கப்படாமல் காத்தார். உதவாது என்று கழிக்கப்பட்ட கருவிகளையும் வாங்கித் தம் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகள் வைத்திருந்தார். பின்னர் ஒரு சிறு குழு அந்தக் கருவிகளைப் பழுதுபார்த்து, 1966-இல் எடுத்த பூமி உதயப் படத்தை, முதலில் வெளியானதைவிடத் தெளிவாக 2008-இல் மீட்டெடுத்தது. நாடாக்களை மட்டும் காத்துக் கருவிகளைக் கைவிட்டிருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்காது.

ஓட்டும் நிலைக்கு வந்த கணினியை இணையத்தோடு இணைக்கக் கூடாது. விண்டோஸ் 98-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2006-இலும் எக்ஸ்பிக்கானவை 2014-இலும் நின்றுவிட்டன. சில மாதங்களுக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டி, மூடி வைத்தால் போதும். கணினியின் அருகே சிலிக்கா ஜெல் பை இருக்கட்டும். லாக்கைத் தனியே பெட்டியில் போட்டு, எந்த மென்பொருளுடையது என்று எழுதி ஒட்ட வேண்டும். பெயரில்லாத லாக்கை அடுத்த தலைமுறை குப்பையென்றே எண்ணும். நிறுவல் சிடி, சீரியல் எண், விசைப்பலகை அட்டவணை, எழுத்துருப் பட்டியல் எல்லாம் அந்தப் பெட்டியிலேயே இருப்பது நல்லது. பழைய கணினி கோப்பைத் திறப்பதற்கு மட்டுமே. சேமித்து வைப்பதற்கு அல்ல. பிடிஎஃப், யுனிகோடு உரை, அசல் கோப்புறை, டிஸ்க் படிமம் ஆகியவற்றின் நகல்கள் இரு வேறு இடங்களில், புதிய ஊடகங்களில் இருக்க வேண்டும்.

ஒவ்வோர் அச்சகமும் தனித்தனியே இத்தனையும் செய்வது கடினம். ஓர் ஊரின் டிடிபி மையங்கள் கூடி ஒரே ஒரு கணினியை நல்ல நிலையில் வைத்துக்கொண்டால், அவரவர் எழுத்துருவையும் லாக்கையும் கொண்டுவந்து அதிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். அன்று பக்கம் கட்டியவர்களில் பலருக்கு எந்த மலர் எந்த எழுத்துருவில் போனது என்பது இன்றும் நினைவிருக்கிறது. அவர்கள் சொல்லக் கேட்டுப் பட்டியலிடுவதும் இந்த வேலையின் ஒரு பகுதியே.

இடமில்லாமல் கடையையே மூட வேண்டி வந்தாலும், பழைய சிபியுவை முழுதாக எடைக்குப் போட வேண்டாம். ஹார்டு டிஸ்க், பேரலல் போர்ட் லாக், நிறுவல் சிடிகள், பிளாப்பிப் பெட்டி ஆகிய நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை மட்டும் காயலான் கடைக்குக் கொடுக்கும்படி அச்சகத்தாரையும் பதிப்பகத்தாரையும் இம்மடல் கேட்டுக்கொள்கிறது.